எஸ்தாக்கி இழுத்த மூச்சு

ஆவுளித்தீவுக்குப் படகு ஏறுகிறவர்களுக்கு வழிகாட்டி சொல்கிற வரிசை ஒன்று உண்டு, மழையானாலும் வெயிலானாலும் அது மாறாது. முதலில் இடப்பக்கம் பூநாரைக் கூட்டம், அப்புறம் தெளிந்த தண்ணீருக்கடியில் மான்கொம்புப் பவளம், கொடுப்பினை இருந்தால் கன்றை அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க மேலே வருகிற ஆவுளியா, அதுதான் கடல்பசு. எல்லாம் முடிந்து கடைசியாக வலப்பக்கம், நங்கூரம் போட்ட ஒற்றை வள்ளத்துக்கு அருகில், வழிகாட்டி குரலைத் தாழ்த்திக்கொள்வான். "அதோ குமிழி குமிழியாக் கொப்புளிக்குது பாருங்க, அது எங்க எஸ்தாக்கி மூச்சு. சத்தம் போடாதீங்க, மனுசன் வேலையில இருக்காரு."

சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். படகு கிட்டே போய், குமிழி உடையும்போது கிராம்பு வாசம் மூக்கில் ஏறியதும் சிரிப்பு நின்றுவிடும். கையில் இருக்கிற போனை உயர்த்திப் படம் பிடிப்பார்கள். ஊருக்குப் போய்ப் பார்த்தால் படத்தில் வெறும் கடல்தான் இருக்கும்.

அன்றைக்கு அந்தப் படகில் எல்லாரும் வலப்பக்கம் சாய்ந்தபோது ஒருத்தி மட்டும் சாயவில்லை. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைக்குள் ஒடுங்கி, தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் கித்தேரியம்மாள், எஸ்தாக்கியின் பெண்டாட்டி. கட்டின புருசன் மூச்சு விடுவதைப் பார்க்க டிக்கெட் எடுத்து வந்த பெண்சாதி உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள், அதற்காக அவளைப் பார்த்துச் சிரிக்கிறவன் நாசமாய்ப் போகட்டும்.

சங்கதி என்னவென்றால், அந்தத் தீவில் சங்கு குளிக்கிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுநுனியை அவன் அப்பன் பிடிக்கக் கூடாது, கூடப்பிறந்தவன் பிடிக்கக் கூடாது, உயிருக்குயிரான கூட்டாளியும் பிடிக்கக் கூடாது. பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். அப்பனுக்கு இன்னொரு மகன் இருப்பான், அண்ணன் தம்பிக்குச் சொத்தில் பங்கு கூடும், கூட்டாளிக்கு வேறு கூட்டாளி கிடைப்பான். தங்கச்சி தாலிக்குத்தான் மாற்று கிடையாது, அதனால் அந்தக் கை மட்டும்தான் அசராது என்று எந்தக் காலத்திலோ எவனோ யோசித்து வைத்திருக்கிறான். யோசனை சரிதான். எஸ்தாக்கி விசயத்தில் அது கொஞ்சம் கூடுதலாகவே சரியாகிப்போனது.

கித்தேரியின் அண்ணன் தொம்மைதான் எஸ்தாக்கிக்குக் கயிறு பிடித்தான். கீழே இருக்கிறவன் கயிற்றைச் சுண்டினால் மேலே இருக்கிறவன் இழுக்க வேண்டும். தண்ணீருக்கு மேலே தலை வந்ததும், குளித்தவன் வேறு பேச்சுப் பேசுவதற்கு முன்னால் "இருக்கேன் மச்சான்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்ட பிறகுதான் கயிற்றை விடலாம். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நடந்தது. ஒருநாள் தொம்மைக்குப் பயம் வந்துவிட்டது. சுண்டுவதற்கு முன்னாலேயே இழுத்துவிட்டான். மடிப்பையில் பாதிச் சங்கு கொட்டிப்போக, எஸ்தாக்கி மேலே வந்து குதியோ குதியென்று குதித்தான். "மச்சான், உங்களுக்கு நெஞ்சு நடுங்குதுன்னா கரையில உக்காந்து வலை பின்னுங்க, எனக்கு வேற ஆளு இல்லாமலா போச்சு" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டான். தொம்மைக்கு முகம் செத்துப்போயிற்று. வள்ளத்து முன்நுனி அணியத்தில் ஒட்டியிருந்த மாதா படத்தில் கையை வைத்து, "இனி நீங்க சுண்டாம நான் இழுத்தா இந்தக் கை வெளங்காமப் போகட்டும்" என்று சத்தியம் பண்ணினான்.

மறுநாள் காலையில் எஸ்தாக்கி வழக்கம்போல ஒரு கிராம்பை எடுத்துக் கடைவாயில் அதக்கிக்கொண்டான். ஆளைக் கீழே இறக்குகிற கல்லில் காலை வைத்து ஒரு மூச்சு இழுத்தான். அந்த மூச்சைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள், அப்படி ஒரு மூச்சை எந்த மனுசனும் இழுத்துப் பார்த்ததில்லை, சுற்றி நின்ற எங்களுக்கே காற்று கம்மியாகிப்போச்சு என்று. இழுத்தவன் தொம்மையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கீழே போனான். கயிறு ஓடியது, நின்றது, குமிழி வந்தது. சுண்டுதல் வரவில்லை. குமிழி வந்துகொண்டே இருந்தது. மத்தியானமும் வந்தது, மறுநாளும் வந்தது, கிறிஸ்துமசுக்கும் வந்தது, கித்தேரியின் தலையில் பாதி நரைத்த இந்த நாள் வரைக்கும், இழுத்த அந்த ஒரே மூச்சைத்தான் எஸ்தாக்கி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கிறான்.

முதலில் ஊர் பதறியது, அப்புறம் பழகிவிட்டது. எதுதான் பழகாது? குளியாட்கள் இறங்கிப் பார்த்தார்கள். கயிறு பாறைக்குள் ஒரு பொந்தில் போகிறது, பொந்து ஒரு சோற்றுப்பானை வாய் அகலம்தான் இருக்கிறது, அதற்குள் ஒரு நண்டு போகலாம், ஆள் போக முடியாது, ஆனால் மூச்சு அங்கிருந்துதான் வருகிறது என்று வந்து சொன்னார்கள். டாக்டரைக் கூட்டிப் போனார்கள். அவர் வள்ளத்தின் அடிப்பலகையில் குழாயை வைத்துக் காதில் மாட்டி ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "மூச்சு சீராத்தான் இருக்கு, சளி கிளி எதுவும் இல்லை" என்றார். பங்குச் சாமி சாவு மணி அடிக்க மாட்டேன் என்றுவிட்டார், மூச்சு விடுகிறவனுக்கு எப்படி அடிப்பது? மூச்சிழுப்பு வந்த பிள்ளைகளைத் தாய்மார் படகில் கொண்டுபோய்க் குமிழிக்கு மேலே முகத்தைக் காட்டினார்கள், இழுப்பு நின்றது. தீவுக்காரர்கள் கிராம்பு வாங்குவதை விட்டார்கள், குழம்பில் அந்த வாசம் வந்தால் யாருக்கும் சோறு இறங்கவில்லை. சத்தியம் பண்ணுகிறவன் எஸ்தாக்கி மூச்சின் மேல் பண்ணினான். ஆவுளியா கூட அந்த இடத்தில்தான் கன்றை மூச்சுக்கு மேலே தள்ளிப் பழக்குகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் வந்து சொன்னார்கள், அதற்கு அப்புறம்தான் வெளியூர் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள், கரையில் டைவிங் கடை வந்தது, கடைக்குப் பக்கத்தில் பரோட்டாக் கடை வந்தது.

எல்லாரும் எதையாவது பார்க்கக் கரைக்கும் கடலுக்கும் போய்வந்துகொண்டிருக்க, தொம்மை மட்டும் வள்ளத்தை விட்டு இறங்கவே இல்லை. சுண்டாமல் இழுக்க மாட்டான், 'இருக்கேன் மச்சான்' என்று கேட்காமல் விடமாட்டான். முறை வைத்து வீட்டுக்கு வீடு கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். தலைக்கு மேலே ஓலை போட்டார்கள், ஓலை பிய்ந்ததும் தார்ப்பாய் போட்டார்கள். புயல் வந்தபோது ஊரிலிருந்த அத்தனை வள்ளமும் போய் அவன் வள்ளத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கிடந்தது. அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் இரண்டு பெருநாள் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு வேறொருத்தனைக் கட்டிக்கொண்டாள். மாலையோடு படகில் வந்து நின்றவளுக்கு அவன் ஒரு கையால் சிலுவை போட்டு அனுப்பினான், மற்றக் கையில் கயிறு இருந்தது. தூங்கும்போது கயிற்றைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொள்வான். கடல் வெயிலின் கூச்சத்தில் கண்ணில் பூ விழுந்துவிட்டது. இப்போது இருமலும் சேர்ந்துகொண்டது, இருமுகிறபோது கஞ்சிக் கலயத்தில் ரத்தம் விழுகிறது என்று தீவிலிருந்து வந்த மீன்காரி கித்தேரியிடம் சொல்லியிருந்தாள்.

கித்தேரி சும்மா ஓடிப்போனவள் இல்லை. முதல் வருசங்களில் தினமும் போனாள், குமிழிக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள், என்னென்னவோ பேசினாள், கெஞ்சினாள், வாயில் வந்தபடி ஏசினாள். மூச்சு மட்டும் வந்தது, பதில் வரவில்லை. நாலு பேர் நடுவில் அவள் கறுப்பு உடுத்தவும் முடியாது, பூ வைக்கவும் முடியாது. அழுதால் "என்ன பிள்ளே, மூச்சிருக்குறவனுக்கு அழலாமா" என்று வாயை அடைத்தார்கள், சிரித்தால் முறைத்தார்கள். ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனவள்தான். அங்கே ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை. அந்த விடுதி வேன் ஓட்டுகிற பெர்க்மான்ஸ், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், அதிகம் பேசாதவர், அரிசி மூட்டை இறக்குகிற சாக்கில் அடுப்படி வாசலில் நின்று, நின்று, கடைசியில் ஒருநாள் கேட்டே விட்டார். கித்தேரிக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, பிடித்திருந்தது.

கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்த இருவருக்கும் கல்யாணத்தடை எதுவும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்ட உடனே, கடைசி பெஞ்சிலிருந்து தீவுக்காரி ஒருத்தி எழுந்தாள். "சாமி, இவ புருசனுக்கு மூச்சு இன்னும் வருது. போன ஞாயித்துக்கிழமைகூட என் பேரனுக்குக் காட்டிட்டு வந்தேன்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள். சாமியார் ஓலையை மடித்துவிட்டார். அதனால்தான் கித்தேரி படகு ஏறினாள். பெர்க்மான்ஸ் அக்கரைப் படகுத்துறை வரைக்கும் வந்து, "நான் வரலை கித்தேரி, அந்த மனுசன் மூச்சுக்கு முன்னால என் மூஞ்சிய எப்படிக் காட்டுறது" என்று அங்கேயே நின்றுகொண்டார்.

தீவில் இறங்கியதும் ஒரு சின்ன ஓடத்தைக் கேட்டு வாங்கி அண்ணனிடம் போனாள். சத்தம் கேட்டுத் தொம்மை தலையைத் திருப்பினான், கண் தெரியவில்லை, ஆனாலும் துடுப்புப் போடுகிற தினுசில் ஆளைக் கண்டுகொண்டான்.

"ஏட்டி கித்தேரி. சாப்புட்டியா?"

அத்தனை வருசம் கழித்து அண்ணன் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். கித்தேரி ஓடத்தைக் கட்டிவிட்டு வள்ளத்தில் ஏறினாள். அவன் கையைப் பார்த்தாள். கயிறு எது, விரல் எது என்று சொல்ல முடியவில்லை, இரண்டும் ஒரே நிறத்தில், ஒரே முறுக்கில் இருந்தன.

"அண்ணே, கரைக்கு வா. ஒனக்கு வைத்தியம் பாக்கணும். நீ செத்துருவே."

"அவிய வரட்டும், வாரேன்."

"அப்ப இழு. இப்பவே இழு, என்ன இருக்குன்னு பாத்துருவோம்."

"அவிய சுண்டலையேட்டி."

"சத்தியம் பண்ணுன கை வெளங்காமப் போயிரும்னு பயமா? ஏற்கெனவே வெளங்காமத்தானே கெடக்கு!"

தொம்மை சிரித்தான், சிரிப்பு இருமலாகி, இருமல் ரத்தமாகி, அதைப் புறங்கையால் துடைத்துவிட்டுச் சொன்னான். "சத்தியம் கெடக்கட்டும். நான் இழுத்து, வெறுங்கயிறா வந்துச்சுன்னு வச்சுக்க. ஒன் தாலிய அறுத்தது யாரு? ஒங்க அண்ணன் கைதானே? எதுக்கு இந்தக் கையில கயித்தக் குடுத்தாங்க? நான் இழுக்காத வரைக்கும் நீ எஸ்தாக்கி பெண்டாட்டி. ஒன்னைய ஒரு நாயும் அறுதலின்னு சொல்ல முடியாது."

"நானே சொல்லிக்கிடுதேன் அண்ணே. எனக்கு வேணாம். என்னைய விட்டுரு."

"நீ சொல்லுவே. ஒனக்கு வாய் இருக்கு. எனக்கு இந்தக் கை மட்டுந்தான் இருக்கு."

கித்தேரி அவன் காலடியில் உட்கார்ந்து வெகுநேரம் கெஞ்சினாள், பெர்க்மான்சைப் பற்றிச் சொன்னாள், கோபத்தில் வள்ளத்துப் பலகையை அடித்தாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நல்ல மனுசனாத்தான் தெரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பவும் கயிற்றுப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டான். இவள்மேல் வைத்த பிரியம்தான் இவளைக் கட்டிப் போட்டிருக்கிறது, அவனையும் சேர்த்துத் தின்றுகொண்டிருக்கிறது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. விளங்கி என்ன செய்ய? பக்கத்தில் குமிழிகள் மேலே வந்து உடைந்துகொண்டே இருந்தன, கிராம்பு வாசம் அவள் சேலையெல்லாம் ஏறிக்கொண்டது.

கரைக்குத் திரும்பியவள் நேராக டைவிங் கடைக்குப் போனாள். அங்கே ஜெனிட்டா என்ற தீவுப் பெண்தான் எல்லாருக்கும் பழக்கிக் கொடுக்கிறவள், எஸ்தாக்கி இறங்கின காலத்தில் தொட்டிலில் கிடந்தவள், அந்தமான் பக்கம் போய் வேலை கற்று வந்தவள்.

"என்னைய அவிய கிட்ட கூட்டிட்டுப் போ."

ஜெனிட்டா ஒரு நிமிசம் யோசித்தாள். தீவில் பொம்பளைகள் குளிப்புக்கு இறங்குவதில்லை, கயிற்றைத் தொடுவதே குற்றம். ஆனால் டைவிங் கடைக்கு வருகிறவர்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது. டெல்லிப் பொம்பளை இறங்கலாம், பெங்களூர்ப் பொம்பளை இறங்கலாம், பெண்டாட்டிக்காரி இறங்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மேலே பட்டால் அரித்துத் தடிக்கிற சொறி மீன் காலம் என்பதால் தலையையும் சேர்த்து மூடுகிற கறுப்பு ரப்பர் உடுப்பை எடுத்து மாட்டிவிட்டு, முகத்துக்குக் கண்ணாடியும் வாய்க்குக் காற்றுக் குழாயும் கொடுத்தாள். கரையோரத் தண்ணீரில் வைத்துப் பழக்கினாள்.

"அத்தை, மத்தது எல்லாத்தையும் மறந்தாலும் நான் பாத்துக்கிடுவேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. மேல வரும்போது மூச்சை அடக்கக் கூடாது. விட்டுக்கிட்டே வரணும். அடக்குனீங்கன்னா உள்ள இருக்குற காத்து ஊதி நெஞ்சைக் கிழிச்சுரும்."

கித்தேரிக்குச் சிரிப்பு வந்தது. "அடக்கத் தெரியாதவன்தான் சாவான்னு எங்காளுக சொல்லுவாவ. நீ அடக்குனா சாவேங்குறே."

"அது அந்தக் காலத்துக் குளிப்பு அத்தை. இது வேற."

உச்சி வெயிலில் இறங்கினார்கள். கீழே போகப் போக வெளிச்சம் பச்சையாகி நீலமாகியது. கிளிமீன்கள் பவளத்தைக் கறுக்கு முறுக்கென்று கடிக்கிற சத்தம் கேட்டது. ஆமை ஒன்று அவளை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் பாசியை மேய்ந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே அண்ணனின் வள்ளத்தின் வயிறு தெரிந்தது, அதிலிருந்து கயிறு இறங்கி வந்தது, பாசி பிடித்து, மட்டி ஒட்டி, அவள் கையைவிடத் தடிமனாக. அதைப் பிடித்துக்கொண்டே போனாள். அதன் கடைசியில் பொந்து இருந்தது.

பொந்தின் வாயில் உள்ளங்கையை வைத்தாள். மூச்சு நின்றது.

அவள் கையை எடுக்கவில்லை. அப்புறம் உள்ளேயிருந்து, மெதுவாக, காய்ச்சல்காரனின் நெற்றியில் கை வைத்தால் அவன் அந்தக் கைக்குள் தலையைச் சாய்ப்பானே, அதுபோல மூச்சு அவள் கைக்குள் சாய்ந்தது. இந்தக் கை யாருடையது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. மேலே இருந்து எத்தனை கூப்பிட்டும் வராத பதில் இங்கே இருந்தது. கண்ணாடிக்குள் அவள் ஓவென்று அழுதாள். 'இவ்வளவு நாளும் எதுக்கு? யாருக்காக? விட்டுருங்க, போதும்' என்று மனசுக்குள் கத்தினாள். கீழே பேச வாய் கிடையாது, அதனால் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். வாயிலிருந்த ரப்பர் குழாயை எடுத்துவிட்டு, பொந்தில் வாயை வைத்து, உறிஞ்சினாள்.

வந்தது. கொஞ்சநஞ்சமல்ல, அவன் மிச்சம் வைத்திருந்த அத்தனையும் வந்தது. அந்தக் காலத்துக் காலைக் காற்று, கிராம்பு, வள்ளத்துத் தார் வாசம், அவனுடைய கோபம், அவனுடைய கண் சிமிட்டல் எல்லாம் அவள் நெஞ்சுக்குள் வந்து நிறைந்தது. பொந்து வெறும் பொந்தாகிப்போனது. கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்த்தாள், எந்தப் பிடிமானமும் இல்லாமல் வந்தது. நுனியில் எஸ்தாக்கியின் இடுப்பளவுக்குப் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது, உள்ளே யாரும் இல்லை. அவள் அந்த வளையத்துக்குள் தலையை விட்டாள், கையை நுழைத்தாள், அக்குளுக்குக் கீழே இறுக்கினாள். ஜெனிட்டா பதறிப்போய்க் குழாயை அவள் வாயில் திணிக்க வந்தாள், கித்தேரி தலையை ஆட்டி மறுத்தாள். கயிற்றைப் பிடித்து, ஒரு குளியாள் சுண்டுவதுபோல, ஒரே சுண்டு சுண்டினாள்.

மேலே கயிறு ஒரு கணம் நம்பாமல் நின்றது. அப்புறம், அம்மாடி, அது எப்படி வந்தது! நோயாளி இழுக்கிற இழுவையா அது! "மாதாவே, மாதாவே" என்று தொம்மை அலறுகிற சத்தம் தண்ணீருக்குள்ளேயே கேட்டது. அவள் மேலே போய்க்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் மூச்சு ஊதியது, விலா எலும்புகள் விலகுவதுபோல வலித்தது, காதுக்குள் யாரோ ஆணி அடித்தார்கள், ஜெனிட்டா கீழேயிருந்து 'விடுங்க, விடுங்க' என்று கையை விரித்து விரித்துக் காட்டினாள். விடலாம்தான். விட்டால் அது வெறும் குமிழியாகத்தான் போகும். கித்தேரி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

தலை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. இரண்டு முறுக்கேறிய கைகள் அவளைத் தூக்கி வள்ளத்துக்குள் போட்டன. பூ விழுந்த கண்ணுக்குக் கறுப்பாய் நனைந்த ஓர் உருவம் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். தொம்மை அதைக் கட்டிக்கொண்டான், அதன் தோளைத் தடவினான், அதை அடித்தான், அழுதுகொண்டே ஏசினான்.

"இம்புட்டு நேரமா மாப்பிள்ளை? இம்புட்டு நேரமா? ஒரு சுண்டு சுண்டுறதுக்கு என்ன கேடு? அந்தப் பிள்ளை அங்க என்ன பாடு படுதா தெரியுமா? போங்க, வீட்டுக்குப் போங்க, கித்தேரி காத்துக்கிட்டு இருக்கா."

அவள் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து வாயோரம் உப்புக் கரித்தது. கண்ணாடியைக் கழற்றவில்லை, வாயைத் திறக்கவில்லை. தொம்மை கயிற்றை விடவில்லை. மூச்சு வாங்க வாங்கக் காத்திருந்தான், முகத்தை அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. சொன்னாத்தானே நான் கயித்த விட முடியும்?"

அவள் தன் குரலில் சொன்னால் எல்லாம் போயிற்று. அவளுக்கு அது தெரியும். ஆனால் நெஞ்சில் இருந்தது அவள் மூச்சில்லையே. வாயைத் திறந்தாள். கிராம்பு வாசம் வள்ளம் முழுக்கப் பரவ, அவள் உதடு அசையாமலேயே, கரகரப்பாக, கொஞ்சம் கேலியாக, அந்தக் காலையில் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனவனின் குரல் வந்தது.

"இருக்கேன் மச்சான்."

தொம்மை கயிற்றை விட்டான். அது பலகைமேல் சரிந்து, வழுக்கி, தண்ணீருக்குள் போயிற்று. அவன் அப்படியே மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். கயிறு போன பிறகும் விரல்கள் கயிற்றைப் பிடித்த வாக்கிலேயே மடங்கிக் கிடந்தன.

கடல் ஒரு தட்டில் ஊற்றிய எண்ணெய்போல ஆகிவிட்டது. ஒரு குமிழி இல்லை. கொஞ்ச தூரத்தில் சுற்றுலாப் படகு ஒன்று வந்துகொண்டிருந்தது. வழிகாட்டி கையை நீட்டி, "அதோ குமிழி குமிழியா..." என்று ஆரம்பித்தவன், நீட்டின கையை மடக்கத் தெரியாமல் நின்றான். யாரும் படம் எடுக்கவில்லை. அந்தப் படகிலிருந்து விசில் போயிற்று, கரையில் நின்றவர்கள் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார்கள், பொம்பளைகள் வீட்டுக்குள்ளிருந்து வெளியே ஓடிவந்தார்கள். ஜெனிட்டா தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு கித்தேரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கித்தேரி கண்ணாடியைக் கழற்றினாள், தலையை மூடியிருந்த ரப்பரை உரித்தாள். காற்றை இழுத்தாள், அது வெறும் காற்றாக, உப்பு வாசத்தோடு, அவளுடையதாக உள்ளே போயிற்று. அவன் செத்துப்போனான். இன்றைக்கு, இப்போது, அவள் வாயிலிருந்து வெளியே போய்ச் செத்துப்போனான். இத்தனை வருசமும் அவளுக்கு அழ ஒருத்தரும் இடம் கொடுத்ததில்லை, இப்போது சத்தம் வராமல் அழுதாள், அண்ணன் எழுந்துவிடக் கூடாதே என்று முந்தானைக்குப் பதில் கையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் கோயில் மணி அடித்தது. ஒன்று அடித்து, அது கரைந்து போகிற வரைக்கும் பொறுத்து, அப்புறம் இன்னொன்று. அது என்ன மணி என்று ஆவுளித்தீவில் பிறந்த எவனுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பங்குச் சாமி இத்தனை காலம் கடனாக வைத்திருந்ததை அடித்துக்கொண்டிருந்தார்.

தொம்மையின் இமை அசைந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

"யாருக்குட்டி மணி, கித்தேரி?"

அவள் திடுக்கிட்டுப் போனாள். அவள் இன்னும் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. கட்டிக்கொண்டபோது தெரிந்ததா, தூக்கும்போதே தெரிந்ததா, சுண்டும்போதே தெரிந்துவிட்டதா? அவன் மடங்கிய விரல்கள் காற்றில் எதையோ பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தன. இந்தக் கைமேல் பழி விழக்கூடாது என்றுதானே இத்தனை காலம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் குரலைத் தேடி எடுத்தாள்.

"மத்தியான மணி அண்ணே. கஞ்சிக்குக் கூப்புடுதாவ. நீ தூங்கு."

மணி இன்னொரு தரம் அடித்தது.

"அப்பச் சரி" என்றான் தொம்மை. அவன் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.